மூன்று நொடிக்காகச் சுமக்கும் துப்பாக்கி

2021 நவம்பர் 20, சனிக்கிழமை. நன்றி நவிலல் விடுமுறைக்குக் கிளம்பிய கூட்டத்தில் அட்லாண்டா விமான நிலையம் திணறிக்கொண்டிருந்தது. பாதுகாப்புச் சோதனையில் ஒரு பயணியின் பைக்குள் ஏதோ இருப்பது எக்ஸ்ரே திரையில் தெரிகிறது. அதிகாரி பையைத் தனியே எடுத்துவைத்து, தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திறக்கிறார். பைக்குச் சொந்தக்காரர் பாய்ந்து கையை உள்ளே விட, அவர் பிடித்த துப்பாக்கி வெடிக்கிறது. தோட்டா யார்மேலும் படவில்லை. ஆனால் அந்த ஒரு சத்தத்துக்குக் கூட்டம் மொத்தமும் சிதறி ஓடியது. விமானங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. துப்பாக்கிக்காரர் வெளியேறும் வழியாக ஓடி மறைந்தார். முன்பே குற்றத் தண்டனை பெற்றவர் அவர். சட்டப்படி துப்பாக்கியைத் தொடவே கூடாதவர்.

வெடித்ததுதான் அபூர்வம். பைக்குள் துப்பாக்கி இருந்தது அபூர்வமே இல்லை. அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 2024-ல் மட்டும் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன. ஏறத்தாழ 94 விழுக்காட்டில் தோட்டா போடப்பட்டிருந்தது. பிடிபட்டவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில் ஒன்றுதான்: பையில் இருந்ததே மறந்துபோச்சு. பெரும்பாலும் அது பொய்யாக இருக்காது என்றே நினைக்கிறேன். கடத்த நினைப்பவன் எக்ஸ்ரே எந்திரத்துக்குள்ளேயா அனுப்புவான்? பர்ஸ், சாவிக்கொத்து போல ஒரு பொருள் அன்றாடமாகிப் போனால்தான் மனிதனுக்கு அது மறக்கும்.

பொது இடத்தில் துப்பாக்கியோடு நடமாடலாமா என்ற அமெரிக்க விவாதத்தைத் தூரத்திலிருந்து கேட்டால் இரு தரப்பும் ஒரு மூன்று நொடியைப் பற்றியே பேசுவதாகத் தோன்றும். ஒருவன் சுட வருகிறான். எதிரே நிற்பவரிடமும் துப்பாக்கி இருக்கிறது. அப்போது என்ன ஆகும்? அந்த மூன்று நொடி பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க வருவதே இல்லை. துப்பாக்கி மட்டும் நாள் முழுக்கக் கூடவே வருகிறது. கழிவறைக்கு வருகிறது, குழந்தையைத் தூக்கும்போது இடுப்பில் இருக்கிறது, நீதிமன்றத்துக்குள் போக முடியாமல் காரில் காத்திருக்கிறது, இரவில் படுக்கைப் பக்கத்து மேசையில் தூங்குகிறது. வழக்குகளும் தேர்தல் பேச்சுகளும் அந்த மூன்று நொடிக்காக. ஆபத்து பெரும்பாலும் இருப்பது மீதி நேரத்தில்.

அந்த மூன்று நொடிக்கு ஒரு முகம் உண்டு. டெக்சஸ் மாநிலத்தின் கில்லீன் நகரம், 1991 அக்டோபர் 16. மதிய நேரம். ஒருவன் தன் பிக்கப் வண்டியை லூபிஸ் உணவகத்தின் கண்ணாடியை உடைத்து உள்ளே ஓட்டிவந்து, இறங்கி, ஒவ்வொருவராகச் சுட ஆரம்பித்தான். 23 பேர் இறந்தார்கள். பெற்றோரோடு சாப்பிட வந்திருந்த சுசானா ஹப் மேசையைக் கவிழ்த்து அதன்பின் பதுங்கி, கைப்பையை நோக்கிக் கை நீட்டினார். துப்பாக்கி அதில் இல்லை. மறைத்து எடுத்துச் செல்வது அன்றைய டெக்சஸில் குற்றம் என்பதால் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அவனைத் தடுக்கப் பாய்ந்த அப்பா சுடப்பட்டார். யாரோ உடைத்த ஜன்னல் வழியாக மகள் வெளியேறினார். அம்மா கணவரை விட்டு நகரவில்லை. அவரும் கொல்லப்பட்டார்.

சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததற்கு நான் கொடுத்த விலை இது என்று ஹப் மாநிலம் மாநிலமாகப் போய்ச் சாட்சியம் சொன்னார். 1995-ல் டெக்சஸ் சட்டம் மாறியது, அன்றைய ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டே ஹப் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிர்த் தரப்பின் புள்ளிவிவரங்களை எத்தனை அடுக்கினாலும் இந்தக் கதைக்கு அவற்றில் நேரடிப் பதில் கிடையாது. அவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் யாரிடமும் பதில் கிடையாது.

துப்பாக்கியோடு திரிவது அமெரிக்காவின் பழைய வழக்கம், கட்டுப்பாடுதான் புதியது என்று ஒரு எண்ணம் பரவலாக உண்டு. அது பாதிதான் சரி. மேற்கத்திய கௌபாய் கதைகளின் தலைநகரமான டூம்ஸ்டோனில் 1881-லேயே ஊருக்குள் ஆயுதம் வைத்துக்கொண்டு திரியக் கூடாது என்று நகராட்சி விதி இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த புகழ்பெற்ற ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டையே அந்த விதியை அமல்படுத்தப் போய் மூண்டதுதான். நியூயார்க் 1911-ல் சல்லிவன் சட்டம் கொண்டுவந்தது: மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வேண்டும், தருவதா வேண்டாமா என்பது அதிகாரியின் முடிவு. கலிபோர்னியாவின் கதை இன்னும் விசித்திரம். கறுப்பின மக்களைக் காவல்துறை நடத்தும் விதத்தைக் கண்காணிக்க பிளாக் பேந்தர் அமைப்பினர் துப்பாக்கி ஏந்தித் தெருவில் வலம் வந்தார்கள். 1967 மே மாதம் ஆயுதங்களோடு மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடைபோடும் சட்டம் சில வாரங்களில் நிறைவேறியது. கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர், பழமைவாதிகளின் நாயகர் ரொனால்ட் ரீகன். இன்று ஏறத்தாழ எந்தக் கட்டுப்பாட்டையும் எதிர்க்கும் தேசிய துப்பாக்கிச் சங்கம் அன்று அதை ஆதரித்தது. யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் துப்பாக்கிக்கு அர்த்தம் மாறும் நாடு அது.

மாநிலச் சட்டங்களை மூன்று வகையாகப் பிரித்தால் குழப்பம் குறையும். அதிகாரி விரும்பினால் உரிமம் 'தரலாம்' என்பது முதல் வகை. தகுதியிருந்தால் 'தந்தே ஆக வேண்டும்' என்பது இரண்டாவது. உரிமமே 'கேட்க வேண்டாம்' என்பது மூன்றாவது. இருபதாம் நூற்றாண்டில் பல மாநிலங்கள் முதல் வகையில் இருந்தன, அல்லது அறவே தடை போட்டிருந்தன. புளோரிடா 1987-ல் இரண்டாம் வகைக்கு மாறியதும் ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் மாறின. வெர்மான்ட் எப்போதுமே மூன்றாம் வகை. அங்கே உரிமம் என்ற ஒன்றே இருந்ததில்லை. 2003-ல் அலாஸ்கா, 2010-ல் அரிசோனா, 2021-ல் டெக்சஸ், 2023-ல் புளோரிடா என்று மூன்றாம் வகை பெருகியது. 2024-ல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்தபோது கணக்கு 29 மாநிலங்கள்.

'தரலாம்' என்ற சொல் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். 1956-ல் அலபாமாவில் தன் வீட்டின் மேல் குண்டு வீசப்பட்ட பிறகு, மறைத்துத் துப்பாக்கி எடுத்துச் செல்ல மார்ட்டின் லூதர் கிங் விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. உயிருக்கு ஆபத்து என்று நிரூபிக்க அவரைவிட வலுவான ஆதாரம் வேறு யாரிடம் இருந்திருக்கும்? நியூயார்க் சட்டம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, அரசுச் செலவில் ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பின வழக்கறிஞர்கள் சிலர், வழக்குத் தொடுத்த நியூயார்க் மாநிலத் துப்பாக்கிச் சங்கத்தின் பக்கம் நின்று மனுப் போட்டது இதனால்தான். உரிமம் இல்லாத குற்றத்துக்குச் சிறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருமே என்றார்கள் அவர்கள். இடது, வலது என்று கோடு கிழித்து இந்த விவாதத்தைப் படிக்கிறவர்கள் தடுமாறும் இடம் இது.

அடிப்படை ஆவணம், 1791-ல் அரசியலமைப்பில் சேர்ந்த இரண்டாம் திருத்தம். ஆங்கிலத்தில் 27 சொற்கள். ஒழுங்கமைந்த குடிப்படை (பொதுமக்களைக் கொண்ட படை) ஒரு சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை, ஆதலால் ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்பது சாரம். உரிமை குடிப்படைக்கா தனி ஆளுக்கா என்பதை உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்ல 2008 ஆனது. வாஷிங்டன் நகரின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்த ஹெல்லர் வழக்கில் 5-க்கு 4 என்ற வாக்கில், தனி ஆளுக்கே, தற்காப்புக்காக வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றது. அதே தீர்ப்பில் நீதிபதி ஸ்கலியா, பெரும்பாலான உரிமைகளைப் போலவே இதுவும் வரம்பற்றதல்ல, பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற 'உணர்திறன் மிக்க இடங்களில்' தடை போடுவதை இது பாதிக்காது என்றும் எழுதிவைத்தார். அந்த ஒரு வரியின்மேல் இன்றுவரை வழக்கு நடக்கிறது.

அந்த உரிமை வீட்டு வாசலைத் தாண்டியது 2022 ஜூனில், புரூயென் வழக்கில். ஆபத்து இருப்பதாகத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் நிபந்தனை 6-க்கு 3 என்ற வாக்கில் செல்லாமல் போனது. கலிபோர்னியா, ஹவாய், நியூ ஜெர்சி என்று முதல் வகையில் மிஞ்சியிருந்த மாநிலங்களும் அதோடு இரண்டாம் வகைக்கு வந்தாக வேண்டியதாயிற்று. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரையர், 2020-ல் துப்பாக்கியால் இறந்த 45,222 பேரின் கணக்கோடு ஆரம்பித்தார். நீதிபதி அலிட்டோ தனியாக எழுதிய குறிப்பில் திருப்பிக் கேட்டார்: சில வாரங்களுக்கு முன் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் 10 பேரைக் கொன்றவனை இந்தச் சட்டம் தடுத்ததா?

தீர்ப்பு புகுத்திய சோதனைதான் கீழ்நீதிமன்றங்களைத் திக்குமுக்காட வைத்தது. ஒரு துப்பாக்கிச் சட்டம் நல்லது செய்கிறதா என்று பார்க்கக் கூடாது. நாட்டின் வரலாற்றில் அதைப்போல ஒரு சட்டம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். நீதிபதிகள் இங்கிலாந்தின் 1328-ஆம் ஆண்டு நார்த்தாம்டன் சட்டம் தொடங்கி, காலனிக் காலத்து வெடிமருந்து விதிகள்வரை கிளறத் தொடங்கினார்கள். மிசிசிப்பியில் கார்ல்டன் ரீவ்ஸ் என்ற நீதிபதி, 1791-ல் வசதியான வெள்ளை ஆண்கள் துப்பாக்கிக் கட்டுப்பாட்டைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதில் நாங்கள் நிபுணர்கள் இல்லை, ஒரு வரலாற்றாசிரியரை நியமிக்கட்டுமா என்று அரசுத் தரப்பிடம் எழுத்திலேயே கேட்டுவிட்டார். குத்தல்தான். ஆனால் கேள்வி நிஜம். 2024-ல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றமே கொஞ்சம் தளர்த்தியது. குடும்ப வன்முறைக்காகத் தடையாணைக்கு உள்ளானவரிடமிருந்து ஆயுதத்தை விலக்கும் சட்டம் செல்லும் என்று எட்டுப் பேர் சொல்ல, புரூயென் தீர்ப்பை எழுதிய தாமஸ் ஒருவர் மட்டும் மறுத்தார். பழஞ்சட்டத்தின் அச்சு அசல் பிரதி தேவையில்லை, அடிப்படைக் கொள்கை பொருந்தினால் போதும் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ்.

ஆக, உரிமை உண்டா என்ற கேள்வி முடிந்துவிட்டது. இப்போதைய சண்டை 'எங்கே' என்பதில். மன்ஹாட்டன் தீவு கூட்டமாக இருக்கிறது என்பதற்காக அதை முழுவதுமாகத் தடைப் பகுதியாக்க முடியாது என்று தாமஸ் எழுதியிருந்தார். நியூயார்க் ஒரே வாரத்தில் புதுச் சட்டம் போட்டு டைம்ஸ் சதுக்கம், பொதுப் போக்குவரத்து, பூங்கா என்று பட்டியலை நீட்டியது. உரிமம் பெற 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கட்டாயமாயின. ஹவாய் 2023-ல் வேறு வழியில் போனது: கடை, உணவகம் போன்ற தனியார் இடங்களில் உரிமையாளர் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய துப்பாக்கி கொண்டுவரக் கூடாது. டெக்சஸில் இதற்கு நேர் தலைகீழ். வேண்டாம் என்பவர்தான் பலகை மாட்ட வேண்டும். அதுவும் நினைத்தபடி எழுத முடியாது. உரிமம் உள்ளவர்கள் மறைத்து எடுத்து வருவதற்கு ஒன்று, வெளியே தெரியும்படி எடுத்து வருவதற்கு இன்னொன்று என இரண்டு பலகைகள். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் சட்டம் தந்த அதே வாசகம். எழுத்து ஓர் அங்குல உயரம். பின்னணியோடு மாறுபடும் நிறம். தண்டனைச் சட்டப் பிரிவு எண்ணை வைத்து 30.06 பலகை, 30.07 பலகை என்றே ஊரில் பேர். (30-06 என்பது ஒரு புகழ்பெற்ற வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் பேரும்கூட.) பேசாத உரிமையாளரின் மௌனம் சம்மதமா மறுப்பா என்ற இந்தச் சின்னக் கேள்வியில்தான் ஒரு நகரத்தில் எத்தனை கதவுக்குள் துப்பாக்கி போகும் என்பது அடங்கியிருக்கிறது. ஹவாய் வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இங்கே ஒரு விஷயத்தை இரு தரப்பும் போதுமான அளவு பேசுவதில்லை. தடைப் பகுதியின் வாசலில் அந்த மனிதர் என்ன செய்வார்? வீட்டுக்குத் திரும்பிப் போய் வைத்துவிட்டு வரமாட்டார். காருக்குப் போவார். முன்னிருக்கைப் பெட்டியிலோ இருக்கைக்கு அடியிலோ வைத்துவிட்டு உள்ளே போவார். வாகன நிறுத்துமிடத்துத் திருடனுக்கு இது தெரியாதா என்ன? வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டிய துப்பாக்கி நிறுவன ஸ்டிக்கரே அவனுக்கு விளம்பரம். அமெரிக்காவில் திருடுபோகும் துப்பாக்கிகளில் கார்களிலிருந்து போவதன் பங்கு பெரிதும் கூடிவிட்டது. சுமக்கும் உரிமை விரிய விரியவும், தடைப் பகுதிகள் பெருகப் பெருகவும், இரண்டும் சேர்ந்து துப்பாக்கியைக் காருக்குள் தள்ளுகின்றன. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒருவரின் துப்பாக்கி கள்ளச் சந்தைக்கு இறங்கும் படிக்கட்டு அது. காரின் சட்டகத்தோடு கம்பியால் பிணைக்கும் பூட்டுப் பெட்டி பெரிய செலவில்லை. அதைக் கட்டாயமாக்கும் மாநிலங்கள்தான் குறைவு.

இனி அந்த மூன்று நொடிக் கணக்கு. துப்பாக்கி சுமப்பவர்கள் கூடினால் குற்றம் குறையும் என்று 1997-ல் ஜான் லாட், டேவிட் மஸ்டார்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு பல மாநிலச் சட்டமன்றங்களில் ஆயுதமாகப் பயன்பட்டது. 2004-ல் தேசிய ஆய்வுக் கழகத்தின் குழு அதே தரவுகளை ஆராய்ந்து, கூடுகிறது என்றும் சொல்ல முடியாது, குறைகிறது என்றும் சொல்ல முடியாது என்று கைவிரித்தது. 2019-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் டோனஹ்யூவும் உடன் ஆய்வாளர்களும் புதிய முறையில் கணக்கிட்டு, இத்தகைய சட்டம் வந்து பத்தாண்டு ஆன மாநிலங்களில் வன்குற்றம், அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடியதைவிட 13 முதல் 15 விழுக்காடு அதிகம் என்றார்கள். சான்றின் பாரம் இப்போது இந்தப் பக்கம் சாய்கிறது என்பது என் வாசிப்பு. ஆனாலும் இது மாநில அளவிலான சராசரி. உணவக மேசைக்குப் பின்னால் பதுங்கியிருப்பவருக்குச் சராசரியால் என்ன பயன் என்று ஹப் கேட்டால், கேள்வி நியாயம்தான்.

துப்பாக்கியால் ஆண்டுக்கு எத்தனை பேர் தற்காத்துக்கொள்கிறார்கள்? ஒரு கணக்கு 25 லட்சம் முறை என்கிறது. அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்போ ஒரு லட்சத்துக்கும் கீழேதான் காட்டுகிறது. இத்தனை பெரிய இடைவெளி எப்படி வந்தது என்பது சுவையான பாடம். முதல் கணக்கு, 1990-களில் கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் ஆகியோர் சுமார் 5,000 பேரிடம் தொலைபேசியில் கேட்டது. ஆயிரத்துக்குச் சுமார் 13 பேர் கடந்த ஓராண்டில் தற்காத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அதை நாட்டின் வயதுவந்தோர் தொகையால் பெருக்கினால் 25 லட்சம். ஆயிரத்தில் பத்துப் பேர் ஆண்டை மாற்றிச் சொல்லியிருந்தாலோ, வாய்த் தகராறில் துப்பாக்கியைக் காட்டியதைத் தற்காப்பென்று நினைத்திருந்தாலோ முழுக் கணக்கும் சரிந்துவிடும். அரசுக் கணக்கில் குறை வேறு: முதலில் குற்றத்துக்கு ஆளானதாகச் சொன்னவரிடம்தான் தற்காப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். உண்மை நடுவில் எங்கோ. அரசுக் கணக்கின் பக்கம் நெருங்கியே இருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்று நொடி உண்மையிலேயே வந்த இரு நாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2022 ஜூலை 17, இந்தியானாவின் கிரீன்வுட் நகர வணிக வளாகம். கழிவறையிலிருந்து வெளிவந்த ஒருவன் உணவுக் கூடத்தில் மூவரைச் சுட்டுக் கொன்றான். அங்கிருந்த 22 வயது இளைஞர் ஏறத்தாழ 40 கெஜ தூரத்திலிருந்து 10 முறை சுட்டார். 8 அவன்மேல் பட்டன. 15 நொடியில் முடிந்தது. உரிமம் இல்லாமல் சுமக்கலாம் என்ற இந்தியானாவின் சட்டம் அமலுக்கு வந்து 16 நாள்தான் ஆகியிருந்தது. அந்த வளாகத்தின் விதியோ துப்பாக்கி கூடாது என்றது. அதற்கு ஓராண்டு முன், 2021 ஜூன் 21, கொலராடோவின் ஆர்வாடா. காவலர் ஒருவரைக் கொன்றவனை, அக்கம்பக்கக் கடையிலிருந்து ஓடிவந்த ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். விழுந்தவனின் ரைஃபிளை அவர் கையில் எடுத்த அந்தக் கணத்தில், அடுத்து வந்த காவலரின் கண்ணில் பட்டது ரைஃபிளோடு நிற்கும் ஓர் ஆள். சுட்டார். காப்பாற்ற வந்தவர் செத்துப்போனார். காவலர்மேல் வழக்கு இல்லை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பயிற்சி பெற்றவர்களின் குறியே எப்படி என்று பார்த்தால் கிரீன்வுட் இளைஞரின் கணக்கு எவ்வளவு அபூர்வம் என்று புரியும். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி, எதிராளியும் சுடும் மோதல்களில் நியூயார்க் காவலர்கள் சுட்ட தோட்டாக்களில் 18 விழுக்காடுதான் குறியில் பட்டன. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே ஒரு கொலைகாரனை வீழ்த்த இரண்டு காவலர்கள் 16 முறை சுட்டார்கள். காயமடைந்த பாதசாரிகள் ஒன்பது பேர். அத்தனையும் காவலர்களின் தோட்டாவும் அதன் சிதறல்களும். உரிமத்துக்கான டெக்சஸ் தேர்வோ 3, 7, 15 கெஜ தூரத்தில் அசையாத காகித இலக்கில் 50 தோட்டா. உரிமமே வேண்டாத நிலையில் அந்தக் காகித இலக்கும் கட்டாயமில்லை. 2021-ல் டெக்சஸின் பெருநகரக் காவல் தலைவர்கள் பலர் எதிர்த்து நின்றது இதற்காகத்தான்.

சட்டப்படி சுமக்கிறவருக்கே எதிரியாகிவிடும் தருணமும் உண்டு: காவலரிடம் 'என்னிடம் துப்பாக்கி இருக்கிறது' என்று சொல்லும் தருணம். 2013-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், பென்சில்வேனியா உரிமத்தோடு மாநில எல்லையைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டிப் போனார். நிறுத்திய காவலரிடம் தானாகவே சொன்னார். ஓட்டுநர் உரிமம் எல்லை தாண்டிச் செல்லும், துப்பாக்கி உரிமம் செல்லாது என்பது அவருக்குத் தெரியவில்லை. குறைந்தது மூன்றரை ஆண்டுச் சிறை என்ற நிலையில் வழக்கு இழுத்தது. 2015-ல் ஆளுநர் கிறிஸ்டி மன்னித்தார். 2016-ல் மினசோட்டாவில், உரிமம் வைத்திருந்த ஒருவர் அதே நேர்மையோடு அதே வாக்கியத்தைச் சொன்னார். காவலர் அவரை நோக்கி ஏழு முறை சுட்டார். வண்டியில் காதலியும் அவருடைய சிறுமகளும் இருந்தார்கள். காவலர் விடுதலையானார். துப்பாக்கி சுமந்த அந்த இருவருமே கறுப்பினத்தவர்.

பாதுகாப்பு என்று துப்பாக்கிப் பயிற்றுநர்கள் சொல்லும் நான்கு விதிகள் துப்பாக்கி சுமப்பவர்களின் உலகில் எல்லோருக்கும் மனப்பாடம். எந்தத் துப்பாக்கியும் தோட்டா போட்டதென்றே நினை. அழிக்க மனமில்லாத எதை நோக்கியும் குழலைத் திருப்பாதே. சுட முடிவெடுக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். இவற்றின் அழகு, ஒன்றைத் தவறவிட்டாலும் இன்னொன்று காப்பாற்றும் என்பதில் இருக்கிறது. மிகப் பழைய பிழை ஒன்று: மேகசினை (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டியை) உருவிவிட்டுத் துப்பாக்கி காலி என்று நினைப்பது. ஒரு தோட்டா ஏற்கெனவே குழலின் அறைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் மேகசினை உருவிய பின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே கண்ணால் பார், விரல்விட்டும் தடவிப் பார் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இடுப்பில் சுமப்பதற்கென்று தனி நுணுக்கங்கள் உண்டு. கிளாக் போன்ற இன்றைய கைத்துப்பாக்கிகள் பலவற்றில் கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது; விசையை அழுத்தினால் வெடிக்கும், அவ்வளவுதான். எனவே விசையை முழுக்க மூடும் கெட்டியான உறைதான் உண்மையான பாதுகாப்பு. உருவும்போது நடக்கும் விபத்தைவிடத் திரும்பச் செருகும்போது நடப்பதற்கே பயிற்றுநர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். சட்டை நுனியோ, ஜாக்கெட்டின் இழுகயிறோ விசைக்குள் மாட்டிக்கொண்டு துப்பாக்கி உறைக்குள் இறங்கினால், சட்டைக்கு விரல் முளைத்த மாதிரிதான். 'செருகுவதில் அவசரம் கூடாது, முதல் பரிசு யாருக்கும் கிடையாது' என்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை எல்லா வகுப்பிலும் இருக்கும். கழிவறை இன்னொரு இடம். இடுப்பு வாரைத் தளர்த்தியதும் கனம் சாய்கிறது, எடுத்து எங்காவது வைக்கிறார்கள், மறக்கிறார்கள். பயிற்சியில்லாதவர்களுக்கு மட்டும் நடப்பதல்ல இது. 2015-ல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில், மக்கள் சபைத் தலைவரின் அலுவலகப் பகுதிக் கழிவறையில் பாதுகாப்புக் காவலர் ஒருவர் தன் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போனார். அதைப் பார்த்தது, அங்கே வந்திருந்த ஏழெட்டு வயதுக் குழந்தை.

இறப்புக் கணக்கை எடுத்தால் விவாதத்தின் மையமே நகர்ந்துவிடும். 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் 27,300 பேர் தற்கொலை, 17,927 பேர் கொலை. அந்நியன் சுட வருவான் என்று வாங்கிய துப்பாக்கிக்கு முன்னால் பெரும்பாலும் நிற்பது அந்நியன் அல்ல. கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2020-ல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கித் தற்கொலையில் இறக்கும் விகிதம் இல்லாதவர்களைப்போல் எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. மனம் தளர்ந்த காலத்தில் நண்பர் வீட்டிலோ துப்பாக்கிக் கடையிலோ கொடுத்துவைப்பது என்ற பழக்கத்தைச் சில மாநிலங்களில் கடைக்காரர்களும் மருத்துவர்களும் சேர்ந்து பரப்புகிறார்கள். பறிமுதல் என்ற சொல் இல்லாமல், குடித்தவனிடம் வண்டிச் சாவியை வாங்கிவைப்பதுபோல. எனக்குத் தெரிந்து இந்த விவாதத்தில் இரு தரப்பும் கோபப்படாமல் கேட்கும் சில யோசனைகளில் இது ஒன்று.

2019-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 60 லட்சம் அமெரிக்கர்கள் நாள்தோறும் கைத்துப்பாக்கியோடு வெளியே போகிறார்கள்; நான்கே ஆண்டுக்கு முன் அது 30 லட்சம். சந்தையும் அதற்கேற்ப வளர்ந்திருக்கிறது: துப்பாக்கி அறை வைத்துத் தைத்த கைப்பைகள், உடற்பயிற்சி ஆடைகள், கைரேகைக்குத் திறக்கும் பெட்டிகள். எல்லா விளம்பரமும் ஒரே வாக்குறுதியைத் தருகிறது: வேண்டும்போது நொடியில் கைக்கு வரும். இன்னொரு கைக்கு எத்தனை நொடியில் போகும் என்று விளம்பரத்தில் இருக்காது.

2014 டிசம்பர் 30, ஐடஹோ மாநிலத்தின் ஹேடன். விடுமுறைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த 29 வயதுத் தாய், பிள்ளைகளோடு கடைக்குப் போனார். அணு ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி, முறையான உரிமம் உள்ளவர், பழகிய கை. தோளில் மாட்டியிருந்த பை, துப்பாக்கிக்கென்று தனி அறை வைத்துத் தைத்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கணவர் வாங்கித் தந்தது. அந்த அறையின் ஜிப்பை மூடித்தான் வைத்திருந்தார். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகனின் கைக்கு எட்டும் தூரத்தில் பை இருந்தது. ஜிப்பை அவன் திறந்தான்.